ஏழாவது ஜெபக் குறிப்பு

1995 ஜூன் 8, வியாழக்கிழமை. காலை நாலே முக்காலுக்கு எழுந்தேன். தெரு அடிபம்பில் ஐந்து மணிக்குத் தண்ணீர் வந்தது. ஐந்தே முக்காலுக்கு நின்றது. ஆறு குடம் அடித்து மாடிக்கு ஏற்றினேன். ஓர் ஆளுக்கு ஆறு குடம் அதிகம். வியாழக்கிழமை சாயங்காலம் ஜெபக் குழு கூடுவதால் இரண்டு குடம் கூடுதலாக வேண்டியிருந்தது. ஆறு மணிக்குப் பால் வாங்கினேன். ஆறேகால் முதல் ஏழு வரை வேத வாசிப்பு, ஜெபம். குக்கரில் சாதமும் பருப்பும். கத்தரிக்காய்ப் பொரியல் சற்று அடிபிடித்துவிட்டது. எட்டு இருபதுக்குப் பஸ். காற்றே இல்லை.

நாட்குறிப்பில் இவ்வளவும் எழுதியிருக்கிறேன். எழுதாமல் விட்டது, செவ்வாய்க்கிழமை வந்த கடிதம் இரண்டு நாளாக என் சட்டைப் பையில் இருந்ததைத்தான்.

நாங்கள் அப்போது ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தோம். நாங்கள் என்று எழுதுவது பழக்கத்தால். உண்மையில் இரண்டு வருடமாக நான் மட்டும்தான் இருந்தேன். என் மனைவி மலாவி நாட்டில், மொசாம்பிக் எல்லைக்கு அருகே ஒரு சிறிய மிஷன் மருத்துவமனையில் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லைக்கு அந்தப் பக்கம் நடந்த போரிலிருந்து தப்பி ஓடி வந்தவர்கள், வருடக்கணக்கில் அந்த மருத்துவமனையைச் சுற்றி ஓலைக் குடிசை போட்டுத் தங்கியிருந்தார்கள்.

அவள் போனது இப்படித்தான். 1993 தொடக்கத்தில் அங்கிருந்து ஒரு டாக்டர் எங்கள் சபைக்கு வந்து, ஆராதனை முடிந்தபின் ஸ்லைடு போட்டுக் காட்டினார். பிரசவம் பார்க்கத் தெரிந்த நர்ஸ் ஒருவர் இரண்டு வருடம் வந்தால் போதும் என்றார். பஸ்ஸில் வீடு திரும்பினோம். மந்தைவெளியில் இறங்கியதும், "மூணாவது படத்துல ஒரு அம்மா லாரி டயர் மேல உக்காந்திருந்தாங்களே, பாத்தீங்களா? அவங்களுக்கு வலி ஆரம்பிச்சிருச்சு. படம் எடுத்தவருக்கு அது தெரியல" என்றாள். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. எங்களுக்குக் குழந்தை இல்லை. அவளைப் போகாதே என்று சொல்ல என்னிடம் இருந்த ஒரே காரணம் நான்தான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆகஸ்ட் 21 அன்று விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தேன்.

நான் அடையாறில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் ஸ்டோர் கீப்பர். கண்ணாடிக் குடுவைகள், குழாய்கள், வடிதாள்கள் எல்லாம் என் பொறுப்பு. காலை ஒன்பது மணிக்குப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது அங்கே ஐந்தரை, அவள் எழுந்துகொண்டிருப்பாள். மத்தியானம் நான் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது அவள் வார்டுக்குள் நுழைந்து முதல் படுக்கையில் நின்றுகொண்டிருப்பாள். இரண்டு வருடமும் இந்த மூன்றரை மணி நேரக் கழித்தல் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் வீட்டில் இருந்தபோது செய்தித்தாளை அவள் கடைசிப் பக்கத்திலிருந்தும் நான் முதல் பக்கத்திலிருந்தும் தொடங்குவோம். நடுப்பக்கம் வந்ததும் தாளை மாற்றிக்கொள்வோம். அவள் போனபின் நான் நடுப்பக்கத்தோடு நிறுத்திவிடுகிறேன் என்பதைப் பல மாதம் கழித்துத்தான் கவனித்தேன். எந்தப் பந்தயத்தில் யார் ஜெயித்தார்கள் என்று இரண்டு வருடம் எனக்குத் தெரியாது.

ஜெபக் குழு அவள் ஆரம்பித்தது. அவள் போனபோது மிச்சம் ஏழு பேர்: மாநகரப் பேருந்து ஓட்டுநர் ஒருவர், அவர் மனைவி, ஓய்வு பெற்ற ஆசிரியர் தம்பதி, டைப்ரைட்டிங் பயிற்சி நிலையம் நடத்தும் பெண் ஒருவர், என் மனைவி வேலை பார்த்த பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருக்கும் ஓர் அம்மா, நான். அவள் கடிதம் எப்போதும் இரண்டு தாளாக வரும். ஒன்று எனக்கு, மற்றது குழுவுக்கு. குழுவின் தாளில் "ஜெபக் குறிப்புகள்" என்று தலைப்பிட்டு, அங்குள்ள தேவைகளை ஒன்று முதல் ஏழு வரை எண் போட்டு எழுதியிருப்பாள். ஏழு பேருக்கு ஏழு. தேவை குறைவாக இருந்தாலும் எதையாவது பிரித்து ஏழாக்கிவிடுவாள்; ஒருவரும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகக் கூடாதாம்.

அந்தத் தாளை நான் குழுவின் நோட்டில் அப்படியே பிரதி எடுத்து, வியாழக்கிழமை வாசிப்பேன். ஆளுக்கு ஒரு எண் எடுத்துக்கொண்டு, அடுத்த கடிதம் வரும்வரை அந்தத் தேவைக்காக வீட்டில் ஜெபிக்க வேண்டும். எழுதியதை எழுதியபடியே வாசிக்க வேண்டும், கூட்டவோ குறைக்கவோ கூடாது என்ற விதியை நான்தான் வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் நேராக ஜெபம் தொடங்கிய தேதி, பதில் கிடைத்த தேதி என்று இரண்டு கட்டம் போட்டதும் நான்தான்.

ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் அவருக்கு எப்போதும் ஏழாவது. நினைவு வைத்துக்கொள்ளச் சுலபம். எனக்கு வந்த ஒரு தாளில் என் மனைவி இதைப் பற்றி எழுதியிருந்தாள். எது தன் மனதை அதிகம் அழுத்துகிறதோ அதைத்தான் ஏழாவதாகப் போடுவதாகவும், அந்த அம்மா கேட்டால் நடக்கிறது என்பது பதினொரு வருடம் ஒரே வார்டில் அவரோடு வேலை பார்த்ததில் தெரிந்துகொண்டது என்றும்.

பதில்கள் வந்தன. இதை நான் அடக்கமாகத்தான் சொல்ல வேண்டும், ஆனால் வந்தன. ஒருமுறை, அங்குள்ள கிராமத்து மருத்துவச்சிகளுக்குக் கிட்டத்தில் இருப்பது மங்கலாகி, தொப்புள்கொடியில் முடிச்சுப் போடுவது தெரியவில்லை, படிக்கும் கண்ணாடி வேண்டும் என்று எழுதியிருந்தாள். நாங்கள் ஜெபித்தோம். ஜெபித்ததோடு நிற்காமல் நான் மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் எனக்குக் கண்ணாடி போட்டுக் கொடுத்த பாயிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். செய்து வைத்தும் ஆட்கள் வந்து வாங்காமல் போன கண்ணாடிகளை அவர் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். டின்னோடு எடுத்து என் முன்னால் வைத்தார். "துவா பண்றதுக்கு நீங்க ஏழு பேரு. கண்ணாடி குடுக்கறதுக்கு நான் ஒருத்தன்தானா? நல்லா இருக்கு சார் உங்க ஏற்பாடு" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொன்றையும் துடைத்து, பவர் எழுதிய சீட்டை ஒட்டி, காகிதத்தில் சுற்றித் தந்தார்.

நான் பார்சலைத் துணியில் வைத்துத் தைத்துக்கொண்டிருந்த அன்றே அடுத்த கடிதம் வந்தது. வேறெங்கோ இருந்து வந்த ஒரு பழைய மருந்துப் பெட்டியைத் திறந்தால் அடியில் இருபத்திரண்டு கண்ணாடி இருந்ததாம். தேதியைப் பார்த்தேன். நாங்கள் ஜெபிக்கத் தொடங்குவதற்குப் பதினொரு நாள் முன்பே அந்தப் பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். எனக்குச் சங்கடமாகிவிட்டது. பதில் தேதி ஜெபத் தேதிக்கு முன்னால் வந்தால் கட்டத்தில் எப்படி எழுதுவது? குழுவில் கேட்டேன். ஆசிரியர் தம்பதி ஆளுக்கொரு வேத வசனம் சொன்னார்கள். ஓட்டுநர் மட்டும், "உங்க நோட்டைப் பாத்துகினா சார் ஆண்டவரு வேலை செய்யறாரு?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பார்சலையும் அனுப்பினோம். அதுவும் தேவைப்பட்டது. ஒரு மருத்துவச்சி கண்ணாடியைத் தூங்கும்போதுகூடக் கழற்ற மறுக்கிறாள் என்று என் மனைவி எழுதியிருந்தாள்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமைக் கடிதம். மே 17 அன்று எழுதியது. இருபது நாளில் வந்தது. அவளுடைய இரண்டு வருடம் ஆகஸ்டில் முடிகிறது. ஆகஸ்ட் 19 அன்று டிக்கெட். நான் சுவர்களுக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. அவள் பக்கத்துக் கட்டில் பலகையில் ஒன்று விரிசல் விட்டிருந்தது, அதை மாற்றியாகிவிட்டது. காலண்டரில் நாள் அடிப்பதில்லை என்று வைராக்கியமாக இருந்தேன். ஆனாலும் எத்தனை நாள் என்று யாராவது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

எனக்கான தாளில் அவள் எழுதியிருந்தது: போர் முடிந்து சனங்கள் ஊர் திரும்புகிறார்கள். குடிசைகள் பாதி காலி. அவர்கள் திரும்பிப் போகும் இடத்தில் ஆஸ்பத்திரி இல்லை, கூரை இல்லை, வழியெல்லாம் கண்ணிவெடி. போன மாதம் நிறைமாதமாக இருந்த ஒருத்தி இவளிடம், "நீ என்னோடு வருகிறாயா?" என்று கேட்டிருக்கிறாள். எல்லை தாண்டி அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு பிரசவ அறை தொடங்க மிஷன் சம்மதித்திருக்கிறது; ஆள்தான் இல்லை. கடைசியில் இப்படி முடித்திருந்தாள்: "குழு ஜெபிக்கட்டும். அதற்குப் பிறகு உங்கள் மனதில் சமாதானம் இருந்தால் மட்டும் நான் இன்னும் ஒரு வருடம் இருக்கிறேன். இல்லையென்றால் டிக்கெட் அப்படியே இருக்கிறது, ஆகஸ்டில் வந்துவிடுவேன். மனக்குறை இல்லாமல் வருவேன். ஜூன் முடிவதற்குள் பதில் போடுங்கள்."

குழுவின் தாளில் ஏழாவது குறிப்பு அதுதான். பெயரோடு அந்தக் கிராமத்தைக் குறிப்பிட்டு, அங்கே ஒரு வருடம் தங்கத் தனக்கு வழி திறக்க வேண்டும் என்று.

புதன்கிழமை நோட்டில் பிரதி எடுக்க உட்கார்ந்தேன். ஆறு வரை எழுதினேன். ஊர் திரும்பும் சனங்களை ஏற்றிய கடைசி லாரிகள் போகும்வரை மழை பொறுக்க வேண்டும் என்பது முதலாவது. தடுப்பூசி வைக்கும் மண்ணெண்ணெய் ஃபிரிட்ஜுக்குத் திரி வேண்டும் என்பது நான்காவது. ஆறாவதை எழுதி முற்றுப்புள்ளி வைத்ததும் பேனாவை மூடினேன். மை தீர்ந்துவிடவில்லை. யாரும் கூப்பிடவில்லை. மூடினேன், அவ்வளவுதான். அடுத்த வாரம் எழுதிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த வாரமும் எழுத மாட்டேன் என்பது தெரிந்தேதான் சொல்லிக்கொண்டேன். குழு ஜெபிக்காவிட்டால், எனக்குச் சமாதானம் இல்லை என்று அவளுக்கு எழுதுவது எளிது. அது பொய்யும் ஆகாது.

வியாழக்கிழமை மாலை ஐந்தரைக்கு வீடு திரும்பியபோது, கீழ் வீட்டு மாமி வாசலில் நின்றிருந்தார். அவர்தான் வீட்டுக்காரர். என் மனைவி மேல் அவருக்குப் பிரியம் அதிகம், கோபமும் அதிகம். ஆம்படையானை விட்டுவிட்டு ஆப்பிரிக்கா போகிறவளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று தெருவில் பலரிடம் சொல்லியிருக்கிறார்.

"ஆகஸ்ட்ல வந்துடுவாளோல்லியோ? எங்காத்து நாட்டுப்பொண்ணுக்கு செப்டம்பர்ல நாள் குறிச்சிருக்கா. அவ பக்கத்துல இருந்தா எனக்குக் கொஞ்சம் தைரியமா இருக்கும்."

"வந்துடுவா மாமி" என்றேன்.

"வரட்டும். வந்தா மறுபடி எங்கயும் அனுப்பாதேயும். உமக்கு உடம்பு இளைச்சுப் போயிடுத்து."

மாடியேறிப் பாய் விரித்தேன். ஆறரைக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். ஒரு கீர்த்தனை பாடினோம். அவள் போனபின் ஆரம்பச் சுருதியை எடுக்க ஆளில்லை. எப்போதும் மிகத் தாழ்வாகத் தொடங்கி, சரணம் கீழே இறங்கும்போது ஆண்களுக்கே குரல் எட்டாமல் போகும். அன்றும் அப்படித்தான். பிறகு நோட்டைத் திறந்து ஆறு குறிப்புகளையும் வாசித்தேன். ஐந்தை அவர்கள் வரிசையாக எடுத்துக்கொண்டார்கள். ஆறாவதை நான் எடுத்துக்கொண்டேன். ஆறாவது எதைப் பற்றியது என்று இப்போது எனக்கு நினைவில்லை. நோட்டைப் பார்த்தால் தெரியும், பார்க்க மனமில்லை.

ஆயா சுவரோரமாக, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் நோட்டை மூடியதும் நிமிர்ந்தார்.

"எனக்கு எங்க சார்?"

இந்தத் தடவை ஆறுதான் என்றேன்.

"ஆறோட நின்னுபூட்ச்சா? சிஸ்டர் ஏழு எழுதாம இருக்க மாட்டாங்களே."

வேலை அதிகமாக இருந்திருக்கும் என்று ஓட்டுநரின் மனைவி சொன்னார். நான் அதற்குத் தலையாட்டினேன். பதினெட்டு வருடம் ஸ்டோரில் இருந்தவன். ஒரு குடுவை குறைந்தால் மாலைக்குள் கண்டுபிடித்துவிடுவேன். எழுதப் படிக்கத் தெரியாத ஓர் அம்மா ஒன்று குறைகிறது என்று என்னிடமே கேட்டபோது, நான் அந்த ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு தலையாட்டினேன்.

ஆயா என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு, "அப்ப ஒண்ணு பண்றேன். உங்களுக்காகக் கேக்கறேன். ரெண்டு வருசமா வாரா வாரம் அடுத்தவங்க தேவைய படிச்சிகினே கீறீங்க. உங்களுக்கு இன்னா வோணும்? அத்தச் சொல்லுங்க" என்றார்.

மறுத்திருக்கலாம். எனக்கு ஒன்றும் இல்லை, மிஷன் வேலைக்காகவே ஜெபியுங்கள் என்று சொல்ல வாய் பழகியிருந்தது. ஆனால் அந்த இரண்டு வருடத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"ஆகஸ்ட்ல அவ வந்துடணும்" என்றேன்.

சொன்ன பிறகு என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. டைப்ரைட்டிங் நிலையப் பெண் தலையைக் குனிந்துகொண்டார். ஆயா முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, காத்திருக்காமல் அங்கேயே ஆரம்பித்துவிட்டார். "ஆண்டவரே, இந்த மனுசன் ரெண்டு வருசமா தானே வடிச்சு தானே துன்னுகினு கீறாரு. உனக்குத் தெரியாதது இல்ல. சிஸ்டர ஆகஸ்ட்ல பத்திரமா கொண்ணாந்து சேத்துரு." எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன். காபி கொடுத்தேன். எட்டு மணிக்குக் கலைந்தார்கள்.

அவர்கள் போனபின் பாயைச் சுருட்டும்போதுதான் நான் செய்தது எனக்கு முழுவதும் உறைத்தது. கேட்டதை மறைத்தது ஒன்று. அதற்குமேல், அவள் தன் மனதை அதிகம் அழுத்துவதை யார் கையில் கொடுக்க நினைத்தாளோ, அதே ஆளைக்கொண்டே அதற்கு எதிராகக் கேட்க வைத்திருக்கிறேன். ஜெபம் எப்படி வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியாது. பெட்டி முன்னால் திறக்கிறது, ஜெபம் பின்னால் நடக்கிறது. அந்தக் கட்டத்தை இன்றுவரை நான் காலியாகத்தான் விட்டிருக்கிறேன். ஆனால் அந்த அம்மா கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. மிகவும் பிடித்திருந்தது. அதைத் திரும்பப் பெற எனக்கு விருப்பம் இல்லை. அந்த விருப்பமின்மையோடுதான் படுத்தேன்.

இதை வாசிக்கிறவர்கள் முடிவைத் தேடக் கூடாது என்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன். அவள் ஆகஸ்டில் வரவில்லை; இருந்துவிட்டு வா என்று ஜூன் கடைசியில் நானே எழுதிப் போட்டேன். 1996 அக்டோபரில் வந்தாள். அந்தப் பதினான்கு மாதம் முந்தைய இரண்டு வருடத்தைவிட நீளமாக இருந்தது. மாமியின் வீட்டில் பேரன் செப்டம்பரில் நல்லபடியாகப் பிறந்தான்; மாமி என்னோடு தீபாவளிவரை பேசவில்லை. எல்லையின் அந்தப் பக்கம் ஒரு தகரக் கூரையின் கீழ் அவள் கையில் பிறந்த முதல் குழந்தையின் காலடியை நீல மையில் பதித்து எனக்கு அனுப்பினாள். என் கட்டைவிரலைவிடச் சற்றுத்தான் பெரிது. அதைப் பார்த்து மகிழ்ந்தேனா என்று கேட்டால், அன்று இல்லை. பிறகு மெதுவாக.

ஜூன் 9, வெள்ளிக்கிழமை. விழித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு முதல் வேலையாக ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். ஆயாவுக்குக் காலை ஏழு மணி டூட்டி. ஆறு இருபதிலிருந்து கேட்டருகே நின்றேன். ஆறே முக்காலுக்கு வந்தார். என்னைக் கண்டதும் அவர் முகம் மாறியது. சிஸ்டருக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். ஏழாவது குறிப்பு இருந்தது, நான்தான் வாசிக்கவில்லை என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

"இன்னா எழுதிகீறாங்க? அப்படியே படிங்க."

தாளைப் பிரித்து, ஒரு சொல் விடாமல் வாசித்தேன். உள்ளே போகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். முடித்ததும் ஆயா என்னைப் பார்த்தார்.

"உங்களுக்கு இன்னா தோணுது?"

"எனக்குச் சமாதானம் இல்லம்மா."

"இல்லாங்காட்டி இல்லன்னு சிஸ்டருக்கு எழுதுங்க. ஆனா அவங்க கேட்டத எனக்குக் குடுத்துருங்க. அது என்னுது." பிறகு, "நேத்து நான் கேட்டதயும் வாபஸ் வாங்க மாட்டேன் சார். ரெண்டும் கெடக்கட்டும். அந்த ஊரு பேரு மட்டும் இன்னொரு வாட்டி சொல்லுங்க. பேரு இல்லாம எனக்குக் கேக்க வராது" என்றார்.

சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னார், தப்பாக வந்தது. நான் அசை அசையாகப் பிரித்துச் சொன்னேன். மூன்றாவது தடவை சரியாகச் சொல்லிவிட்டு, மறந்துவிடாமல் இருக்க வாய்க்குள் அதையே சொல்லிக்கொண்டு உள்ளே போனார்.